விண்டோஸ் + லினக்ஸ் லேப்டாப் திடீரென ‘பூட்’ ஆகவில்லையா? ஃபார்மேட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

2024 ஆகஸ்ட் 13. மைக்ரோசாஃப்ட் வழக்கம்போல அந்த மாதத்துக்கான பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருந்த பலர் அதை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். திரையில் வந்தது ஒரே ஒரு மெசேஜ்: ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்.’ ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த சில நொடிகளில் லேப்டாப் தானாக ஆஃப் ஆகிவிட்டது.

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ஸோரின், பப்பி லினக்ஸ் என்று பல வகை லினக்ஸ் பயன்படுத்தியவர்களும் இதையே புகாராகச் சொன்னார்கள். லினக்ஸ் பக்கம் யாரும் எதையும் தொடவில்லை. விண்டோஸ் அப்டேட் ஆனது, லினக்ஸ் நின்றுபோனது. அவசரத்துக்கு வைத்திருந்த பழைய லினக்ஸ் பென்டிரைவும் சிலருக்கு பூட் ஆகவில்லை. வீட்டுச் சாவி தொலைந்த நாளில், ஸ்பேர் சாவியும் பூட்டுக்குள் நுழையாத கதை.

இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்த லேப்டாப்களில் இருந்த ஒரு ஃபைல்கூட அழியவில்லை. லினக்ஸ் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளே போகும் வழிதான் மூடப்பட்டிருந்தது. இது புரியாமல் பதற்றத்தில் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்தால், அப்போதுதான் டேட்டா உண்மையிலேயே போகிறது.

டூயல் பூட் பிரச்னைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எந்த இடத்தில் வழி அடைபட்டது என்று தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

இப்போது இது ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையில் இருந்துதான் கணக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான லேப்டாப்கள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் ஒரேயடியாக விண்டோஸை விட மனசு வராது. டேலி, போட்டோஷாப், ஏதாவது ஒரு கேம் என்று ஒன்று பிடித்து இழுக்கும். எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளும் டூயல் பூட்தான் நடுவழி.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவற்றில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ஸும் சேர்ந்தே வந்தது. பிளஸ் டூ மாணவர்கள் பலருக்கு ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று கேட்ட அந்தக் கறுப்புத் திரைதான் டூயல் பூட்டின் முதல் அறிமுகம். ஆனால் அந்தக் காலத்து முறை வேறு, இன்றைய முறை வேறு.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

பழைய பயாஸ் முறையில் விஷயம் எளிமை. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு குட்டி நிரல் இருக்கும். அது யாருடையதோ, அவர்தான் ராஜா. கடைசியாக எதை இன்ஸ்டால் செய்கிறோமோ அது முந்தையதை அழித்துவிட்டு உட்காரும். ‘முதலில் விண்டோஸ் போடு, அப்புறம் லினக்ஸ் போடு’ என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்த விதி அங்கிருந்து வந்ததுதான்.

இன்றைய லேப்டாப்களில் இருப்பது யூஇஎஃப்ஐ. இதை ஒரு அபார்ட்மென்ட்போல நினைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் ‘இஎஸ்பி’ என்ற சின்ன பார்ட்டிஷன் இருக்கிறது. அதுதான் வாசல் ஹால். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அங்கே தனித்தனி ஃபோல்டர் உண்டு. ஒருவர் பொருளை இன்னொருவர் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டில் உள்ள நினைவகத்தில் இருக்கும். லேப்டாப் ஆன் ஆனதும் ஃபர்ம்வேர் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. விண்டோஸ் முதலில் இருந்தால் அதன் பூட் மேனேஜரை அழைக்கும். லினக்ஸ் முதலில் இருந்தால் ‘ஷிம்’ என்ற சிறு நிரலை அழைக்கும். ஷிம் ‘கிரப்’பை அழைக்கும். விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் மெனுவைக் காட்டுவது கிரப்தான். லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் அது கெர்னலை ஏற்றும்.

ஃபர்ம்வேர், ஷிம், கிரப், கெர்னல். மொத்தம் நாலு ஸ்டாப். எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்த நாலில் ஒன்றில்தான் வண்டி நின்றிருக்கும்.

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி

இந்தப் பயணத்துக்கு ஒரு காவலாளியும் உண்டு. பெயர் செக்யூர் பூட். நம்பகமான கையெழுத்து இல்லாத நிரல் எதையும் இது உள்ளே விடாது. தேவையில்லாத கெடுபிடி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸே தொடங்குவதற்கு முன் புகுந்துகொள்ளும் ‘பூட்கிட்’ வகை வைரஸ்கள் நிஜமாகவே இருக்கின்றன. செக்யூர் பூட்டையே ஏமாற்றி நுழையும் ‘பிளாக்லோட்டஸ்’ஸை 2023-இல் இசெட் நிறுவன ஆய்வாளர்கள் விளக்கமாக அம்பலப்படுத்தினார்கள்.

ஆனால் கையெழுத்துப் போடும் பேனா யாரிடம் இருக்கிறது? கடைகளில் விற்கும் லேப்டாப்களில் பொதுவாக மைக்ரோசாஃப்ட்டின் சான்றிதழ்களே பதிந்து வருகின்றன. எனவே பெரிய லினக்ஸ் அமைப்புகள் தங்கள் ஷிம்மை மைக்ரோசாஃப்ட்டிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. லினக்ஸ் உள்ளே நுழையவே போட்டியாளரின் கையெழுத்து தேவை. 2024-இல் நடந்த கூத்துக்கு அடித்தளம் இதுதான்.

2024-இல் உண்மையில் என்ன நடந்தது?

கையெழுத்து வாங்கிய கிரப்பில் பிற்பாடு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது? ஆரம்பத்தில் ஓட்டையுள்ள ஒவ்வொரு ஃபைலின் அடையாளத்தையும் ‘தடைப் பட்டியல்’ ஒன்றில் சேர்த்தார்கள். 2020-இல் ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை வெளியானபோது அந்த ஒன்றுக்காக மட்டும் சுமார் 150 பதிவுகள் தேவைப்பட்டன. பல கணினிகளில் இதற்கென இருக்கும் மொத்த இடமே 32 கேபி. அதில் 10 கேபி ஒரே அடியில் போய்விட்டது.

இது கட்டுப்படியாகாது என்று கண்டுபிடித்த மாற்றுவழிதான் ‘எஸ்பாட்’. ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகத் தடுக்காமல், ஷிம்முக்கும் கிரப்புக்கும் தலைமுறை எண் கொடுத்துவிடுவது. ‘இந்த எண்ணுக்குக் குறைவாக இருந்தால் உள்ளே விடாதே’ என்று ஒரே வரியில் உத்தரவு. அபார்ட்மென்ட் மொழியில் சொன்னால், பழைய ஐடி கார்டு இனி செல்லாது என்று அறிவிப்பதுபோல.

கிரப் எழுத்துருக்களைக் கையாளும் இடத்தில் இருந்த ஓர் ஓட்டை 2022-இல் வெளியானது. அந்த ஓட்டையுள்ள பழைய கிரப்களைத் தடுக்கத்தான் 2024 ஆகஸ்ட் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இந்த உத்தரவைச் சேர்த்தது. டூயல் பூட் இருக்கும் கணினியில் இது பொருந்தாது என்றும் சொல்லியிருந்தது. ஆனால் டூயல் பூட் இருக்கிறதா என்று கண்டறியும் சோதனை, சில விதமாக அமைக்கப்பட்ட கணினிகளைக் கோட்டைவிட்டது. அங்கெல்லாம் உத்தரவு அமலானது. பழைய தலைமுறை எண்ணோடு இருந்த ஷிம், தன்னைத்தானே சோதித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டது.

உடனடித் தீர்வு இருந்தது. ஃபர்ம்வேர் செட்டிங்கில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து, லினக்ஸுக்குள் போய், ‘மோக்யூட்டில்’ என்ற கருவியால் எஸ்பாட் உத்தரவை அழித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செக்யூர் பூட்டை ஆன் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் இதே வழியைத்தான் பிறகு வெளியிட்டது. செப்டம்பர் அப்டேட்டில் இருந்து அந்த உத்தரவை நீக்கியது. ஆனால் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது 2025 மே மாத அப்டேட்டோடுதான். ஒன்பது மாதம்!

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் தெரிந்த ஓட்டைக்கு 2024-இலும் சில லினக்ஸ் பதிப்புகள் பழைய தலைமுறை ஷிம்மையே வைத்திருந்தன. பல பயனர்களும் லினக்ஸ் அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார்கள். காவலாளி செய்தது சரிதான். யாரை நிறுத்துகிறோம் என்று சரியாகப் பார்க்காததுதான் கோளாறு.

வண்டி எந்த ஸ்டாப்பில் நின்றது?

எல்லாக் கோளாறும் இந்த அளவுக்குச் சிக்கலானது இல்லை. அடிக்கடி வருபவை இவைதான்.

1. மெனுவே வரவில்லை, நேரே விண்டோஸ் திறக்கிறது

ஃபர்ம்வேரின் பட்டியலில் விண்டோஸ் முதலிடத்துக்குப் போயிருக்கிறது. லினக்ஸ் இன்ஸ்டால் செய்த உடனேயும் இது நடக்கும், பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் நடக்கும். லினக்ஸ் போய்விட்டது என்று மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனை அழுத்திப் பாருங்கள். டெல், ஏசர், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. அசூஸில் எஸ்கேப். அங்கே ‘உபுண்டு’ மாதிரி ஒரு பெயர் தெரிந்தால் நிம்மதி. ஃபர்ம்வேர் செட்டிங்கில் அதை மேலே நகர்த்தினால் முடிந்தது.

பட்டனை அழுத்த நேரமே கிடைக்கவில்லையா? விண்டோஸில் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபுள்ஷூட் பகுதிக்குள் யூஇஎஃப்ஐ செட்டிங்குக்கான வழி இருக்கும்.

2. மெனு வருகிறது, ஆனால் அதில் விண்டோஸ் இல்லை

இது கோளாறே இல்லை, கொள்கை முடிவு. 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ என்ற வேலை பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது. சில லினக்ஸ்கள் இதைத் தாங்களே ஆன் செய்து கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. கிரப்பின் செட்டிங் ஃபைலில் ஒரு வரியை மாற்றி, கிரப்பை அப்டேட் செய்தால் விண்டோஸ் பெயர் மெனுவில் வந்துவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால் இன்னொரு காரணம் இருக்கலாம். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையிலும், லினக்ஸ் பழைய பயாஸ் முறையிலும் இன்ஸ்டால் ஆகியிருக்கும். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. லினக்ஸ் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து லினக்ஸை அந்த முறைக்கு மாற்றுவதுதான் வழி.

3. கறுப்புத் திரையில் ‘கிரப்’ அல்லது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் நிற்கிறது

இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கதைதான். லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்து, விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் செய்திருப்பார்கள். ஹாலில் கிரப்பின் நுழைவு நிரல் அப்படியே இருக்கும். அது தேடும் செட்டிங் ஃபைல்கள் டெலிட் ஆன பார்ட்டிஷனோடு போயிருக்கும். வழிகாட்டி இருக்கிறார், மேப் இல்லை.

பதற வேண்டாம். முன்பு சொன்ன பூட் மெனு பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ஐத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் திறக்கும். பிறகு ஃபர்ம்வேரில் விண்டோஸை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

லினக்ஸ் பார்ட்டிஷனை யாரும் தொடாமலேயே இந்தத் திரை வந்தால், லைவ் பென்டிரைவில் பூட் செய்து கிரப்பை மறுபடி பதிக்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டின் லைவ் பென்டிரைவிலேயே ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவி இருக்கிறது. லைவ் முறையில் டிஸ்க்கில் எதுவும் தானாக அழியாது. பயப்படாமல் உள்ளே போய் முக்கியமான ஃபைல்களை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

4. லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு திரை கறுப்பாகிறது அல்லது ‘எமர்ஜென்சி மோட்’ வருகிறது

முதல் மூன்று ஸ்டாப்பும் தாண்டியாகிவிட்டது. பிரச்னை கெர்னல் ஏறிய பிறகு. மெனுவில் உள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது திறந்தால் புதிய கெர்னலில்தான் சிக்கல்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் இன்னொரு பொறி இருக்கிறது. செக்யூர் பூட் ஆன் நிலையில் என்விடியா டிரைவரை இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து அதே பாஸ்வேர்டைக் கேட்கும். பலர் அது ஏதோ எரர் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்யும் இடமே அதுதான். தாண்டினால் டிரைவர் ஏறாது.

எமர்ஜென்சி மோடுக்குப் பெரும்பாலான நேரம் காரணம் எளிமையானது. லினக்ஸ் தொடங்கும்போது தானாகத் திறக்கும்படி வைத்திருந்த ஏதோ ஒரு பார்ட்டிஷன் டெலிட் ஆகியிருக்கும் அல்லது ஃபார்மேட் ஆகியிருக்கும். அந்தப் பட்டியலில் இருந்து அந்த வரியை நீக்கினால் சரியாகிவிடும்.

பூட் ஆகிறது, ஆனால் ஏதோ இடிக்கிறதா?

லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பேட்டரி போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் சர்வதேச நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி உள்ளூர் நேரத்தை எழுதச் சொன்னால் போதும்.

அதேபோல, விண்டோஸ் டிரைவை லினக்ஸில் திறந்தால் ‘படிக்க மட்டும்’ என்கிறதா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். தூங்குபவர் பையில் கை வைக்க லினக்ஸ் மறுக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் செட்டிங்கில் அதை ஆஃப் செய்துவிடலாம்.

உண்மையான ஆபத்து: அந்த 48 இலக்கங்கள்

இதுவரை சொன்ன எதிலும் டேட்டா போகாது. டேட்டா நிஜமாகவே போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பிட்லாக்கர்.

விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பும் விதிவிலக்கு அல்ல. பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. தினமும் அது சத்தமில்லாமல் திறந்துகொள்வதால் தெரிய வாய்ப்பும் இல்லை.

ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தவுடன் அது விழித்துக்கொள்ளும். ‘யாரோ வாசலை மாற்றிவிட்டார்கள்’ என்று சந்தேகப்பட்டு, 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பெரும்பாலும் அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். செட்டிங்கைப் பழையபடி மாற்றினாலும் பல நேரம் விண்டோஸ் கேட்காமல் திறந்துவிடும். ஆனால் லேப்டாப் வாங்கிய கடைக்காரர் தன் மெயில் ஐடியில் கணக்கு திறந்து கொடுத்திருந்தால்? பழைய ஐடியின் பாஸ்வேர்டு மறந்துவிட்டால்? அந்த எண் எங்குமே கிடைக்காவிட்டால், சர்வீஸ் சென்டர் மட்டும் அல்ல, மைக்ரோசாஃப்ட்டாலும் அந்த டிஸ்க்கைத் திறந்து கொடுக்க முடியாது.

இணையத்தில் டூயல் பூட் கோளாறுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரையே ‘செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு’ என்பதுதான். அதற்கு முன் செய்ய வேண்டியதை, அதாவது ரெக்கவரி கீயை எடுத்து லேப்டாப்புக்கு வெளியே எழுதி வைப்பதை, பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அப்படியே ஆஃப் செய்து விட்டுவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பலரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது அந்த வழி குறுகி வருகிறது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட செக்யூர் பூட் ஆன் நிலையில் இருக்க வேண்டும். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-உம் அதையே கேட்கிறது. விண்டோஸை வைத்திருக்கும் காரணமே கேம் என்றால், அதை ஆஃப் செய்வதில் பயனில்லை.

ஆபீஸ் லேப்டாப் என்றால் பேச்சே வேண்டாம். அதன் ஃபர்ம்வேரும் என்கிரிப்ஷன் கீயும் நிறுவனத்தின் ஐடி டீமிடம் இருக்கும். அங்கே டூயல் பூட் முயற்சி செய்தால், கோளாறைவிட ஹெச்ஆர் மெயில்தான் முதலில் வரும்.

அடுத்த திருப்பம்: காலாவதியாகும் சான்றிதழ்கள்

மைக்ரோசாஃப்ட் கையெழுத்துக்கு அடிப்படையான சான்றிதழ்கள் 2011-இல் உருவாக்கப்பட்டவை. அவற்றில் லினக்ஸ் ஷிம்முக்குக் கையெழுத்திடப் பயன்படும் சான்றிதழின் ஆயுள் 2026 ஜூன் வரை. விண்டோஸ் பூட் மேனேஜருக்கானது 2026 அக்டோபர் வரை. இவற்றின் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டு சான்றிதழ்கள் வருகின்றன.

அந்தத் தேதியில் லேப்டாப்கள் ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே கையெழுத்தான ஷிம், சான்றிதழ் காலாவதியான பிறகும் பூட் ஆகும். சிக்கல் வேறு இடத்தில். புதிய சான்றிதழால் மட்டும் கையெழுத்தான ஷிம், அந்தச் சான்றிதழ் பதியாத லேப்டாப்பில் ஏறாது. ஓட்டைகளைத் தடுக்கும் புதிய உத்தரவுகளும் அங்கே போய்ச் சேராது.

புதிய சான்றிதழ்களை விண்டோஸ் அப்டேட் வழியாக மைக்ரோசாஃப்ட் படிப்படியாக அனுப்புகிறது. 2024-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. லினக்ஸிலும் ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற ஃபர்ம்வேர் அப்டேட் கருவி வழியாகப் பெற முடியும். மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள் யார் என்றால், ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்திருப்பவர்கள், மாதத்துக்கு ஒருமுறைகூட விண்டோஸைத் திறக்காதவர்கள், லேப்டாப் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தொட்டதே இல்லாதவர்கள். பழைய லேப்டாப்பில் டூயல் பூட் போடுபவர்களில் கணிசமானோர் இந்த மூன்றில் ஒன்றில் வந்துவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஏதோ சரியாக இல்லையே என்று ஃபர்ம்வேரில் செக்யூர் பூட் சாவிகளை ‘ஃபேக்டரி’ நிலைக்கு மாற்றிவிடாதீர்கள். பழைய ஃபர்ம்வேராக இருந்தால், அப்டேட்டில் வந்த புதிய சான்றிதழ் அதோடு போய்விடும்.

இன்றைக்கே செய்து வைக்க வேண்டியவை

• பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை.

• முக்கிய ஃபைல்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ கிளவுடிலோ ஒரு காப்பி இருக்கட்டும்.

• பார்ட்டிஷனைச் சுருக்குவதாக இருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். இஎஸ்பி பார்ட்டிஷனை மட்டும் எக்காரணம் கொண்டும் டெலிட் செய்யாதீர்கள்.

• சமீபத்திய பதிப்பில் ஒரு லைவ் லினக்ஸ் பென்டிரைவ் தயாராக இருக்கட்டும். இரண்டு வருடம் முன்பு செய்தது இன்று உள்ளே விடப்படாமல் போகலாம்.

• லினக்ஸ், ஃபர்ம்வேர் அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2024-இல் தப்பியவர்களில் பலர் ஷிம் அப்டேட்டை முன்பே வாங்கியிருந்தவர்கள்.

• லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமிருந்தால் லினக்ஸை அதில் போடுங்கள். வாசல் ஹாலே தனியாகிவிடும். ஆனால் செக்யூர் பூட் காவலாளி இரண்டுக்கும் பொது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக...

ஆன் ஆகாத லேப்டாப்பைப் பார்த்ததும் தோன்றும் முதல் எண்ணம், ‘எல்லாம் போச்சு’. சர்வீஸ் கடையில் பல நேரம் கிடைக்கும் முதல் பதில், ‘ஃபார்மேட் அடிச்சிரலாம்’. டூயல் பூட் விஷயத்தில் இரண்டுமே அவசரம். எங்கே நின்றது என்று பார்க்க ஐந்து நிமிடமும், ஒரு பென்டிரைவும் போதும்.

செக்யூர் பூட் தேவையான பாதுகாப்பு என்பதில் பெரிய வாதம் இல்லை. ஆனால் பெரும்பாலான கணினிகளின் வாசல் சாவியை ஒரே நிறுவனம் கையில் வைத்திருக்கும்போது, அதன் சோதனையில் வரும் ஒரு சின்னப் பிசகுக்கு விலை கொடுப்பது அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓஎஸ்ஸைப் பயன்படுத்துபவர். 2024-இல் அவர் முழுத் தீர்வுக்காக ஒன்பது மாதம் காத்திருந்தார். சான்றிதழ் மாற்றத்தில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. தேதி முன்கூட்டியே தெரியும், தயாராகும் வழியும் தெரியும். முதல் வேலை அந்த 48 இலக்கங்களைத் தேடி எடுப்பது.